காசியில் கங்கை மாசடைய உண்மையான காரணம் எது?

கேள்வி: தேவகோட்டை ஆச்சி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஐப்பசியில் எங்கள் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் காசியில் திதி கொடுப்பதற்காகக் குடும்பத்தோடு புறப்பட இருக்கிறோம். நகரத்தார் குடும்பங்களுக்குக் காசியோடு உள்ள உறவு இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்திலிருந்து விசுவநாதர் கோயிலுக்குப் பூசைப் பொருள்கள் ‘சம்போ’ என்ற முழக்கத்தோடு இன்றும் நாள் தவறாமல் போய்க்கொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டுச் சாமி அறையில், என் ஐயா காலத்தில் கொண்டுவந்த கங்கைத் தீர்த்தம் வாய் பற்றவைத்த செப்புச் சொம்புகளில் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது கடைசி நேரம் வந்தால் ஒன்றை உடைத்து வாயில் விடுவது வழக்கம்.

இந்த முறை பயணப் பேச்சை எடுத்தவுடனேயே வீட்டில் வாக்குவாதம் வந்துவிட்டது. அஸ்தியும் பூவும் பழந்துணியும் பிணமுமாகப் போட்டுக்கொண்டே இருந்தால் எந்த ஆறு தாங்கும், கங்கையைக் கெடுப்பதே நம்மைப் போன்ற யாத்திரிகர்கள்தான் என்று என் மகன் சொல்கிறான். அதெல்லாம் அற்பம், கான்பூர்த் தோல் ஆலைகள்தான் முழுக் காரணம் என்கிறார் மாப்பிள்ளை. கங்கைக்கு மாசே ஒட்டாது, அப்படிப் பேசுவதே பாவம் என்று பெரியப்பச்சி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

ஆற்றை மாசுபடுத்தும் காரணங்களில் எது பெரிது, எது சிறிது, அதில் பக்தர்களின் பங்கு எவ்வளவு என்பதை விவரம் அறிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும். நம்பிக்கையைக் கேலி செய்யாமல், அதே நேரத்தில் உண்மையையும் மறைக்காமல் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.


பதில்: வடிகால் பொறியாளர், காரைக்குடி

ஆச்சிக்கு வணக்கம். குடிநீர், வடிகால் பணிகளில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் மூவரும் சொன்ன காரணங்களில், முதலிடத்தில் வைக்க வேண்டிய காரணம் இடம்பெறவே இல்லை. கங்கைக் கரையில் இருக்கும் நகரங்களின் வீட்டுச் சாக்கடைதான் அது. கங்கைச் செயல்திட்டம் தீட்டப்பட்ட 1980களிலேயே, ஆற்றின் மாசில் ஏறத்தாழ முக்கால் பங்கு நகராட்சிக் கழிவுநீரால் வருகிறது என்று கணக்கிட்டிருந்தார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கங்கையின் முதன்மை ஓட்டத்தின் கரையில் உள்ள 50 நகரங்களில் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 272 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டானது. அதைச் சுத்திகரிப்பதற்கு அமைத்திருந்த நிலையங்களின் திறனோ 121 கோடி லிட்டர்தான். பாதிக்கும் மேற்பட்ட சாக்கடைக்குப் போக வேறு இடமே இல்லை என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடுகிறது. அமைத்த நிலையங்கள் அனைத்தும் முழுத் திறனோடு ஓடினால்தான் இந்தக் கணக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஊரிலும் அப்படி ஓடுவதில்லை என்பது என் துறை அனுபவம்.

காசியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் விஷயம் இன்னும் தெளிவாக விளங்கும். அங்கே கங்கை தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. நகரத்தின் தெற்கு எல்லையில் அசி என்ற சிற்றாறும் வடக்கு எல்லையில் வருணையும் வந்து கலக்கின்றன. இரண்டும் இன்றைக்குப் பெரும்பாலும் நகரத்தின் கழிவைச் சுமந்து வரும் ஓடைகளாகிவிட்டன. அசியை உள்ளூர் மக்களே நாலா, அதாவது சாக்கடை என்றுதான் சொல்கிறார்கள். தெற்கு முனையில் கலக்கிற அந்தக் கறுப்பு நீர் மறுகரைக்குப் போய்விடுவதில்லை; கரையை ஒட்டியே இறங்கி, நம்மவர்கள் பெரும்பாலும் நீராடும் அனுமான் கட்டம், கேதார கட்டம் ஆகிய படித்துறைகள் வழியாகத் தசாசுவமேதம் நோக்கிப் போகிறது. அகன்ற ஆற்றில் ஓரத்து நீரும் நடு ஓட்டத்து நீரும் உடனே ஒன்றாகக் கலந்துவிடுவதில்லை. படியில் நின்று முழுகுகிறவருக்குக் கிடைப்பது ஓரத்து நீர்.

சாக்கடை நீர் ஆற்றில் விழுந்ததும் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கின்றன. அந்த வேலைக்கு அவை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. கழிவு குறைவாகவும் ஓட்டம் மிகுதியாகவும் இருக்கும்போது, காற்றிலிருந்து ஆக்சிஜன் மறுபடியும் கரைந்து நீர் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும். கங்கைக்கு இந்த ஆற்றல் உண்டு என்பதை நம் முன்னோர் சொன்னதோடு அறிவியலாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆங்கிலேயரான எர்னஸ்ட் ஹாங்கின் 1896இலேயே, கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகளைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று எழுதினார். பாக்டீரியாக்களை அழிக்கும் வைரஸ்கள் பற்றிய ஆராய்ச்சியின் தொடக்கக் குறிப்புகளில் ஒன்றாக அதை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆகவே பெரியப்பச்சியின் நம்பிக்கை ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு, நகரங்கள் அந்த எல்லையைத் தாண்டி நெடுநாளாகிறது என்பதைத்தான் அவர்களிடம் பணிவாகச் சொல்ல வேண்டும்.

நீராடும் நீருக்கு நம் நாட்டில் வகுத்துள்ள அளவுகள்: உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, மலக் கோலிஃபார்ம் என்ற குடல்வாழ் கிருமிகள் 100 மில்லிலிட்டரில் 500க்குள் இருப்பது நல்லது, எப்படிப் போனாலும் 2,500ஐத் தாண்டக் கூடாது. காசியில் இந்தக் கடைசி அளவுதான் பெரிய சிக்கல். சங்கட மோசன் அனுமார் கோயிலின் மகந்தாகவும், அதாவது தலைமைக் குருவாகவும், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியராகவும் இருந்த வீரபத்ர மிஸ்ரா, 1982இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். துளசி கட்டத்தில் அந்த அறக்கட்டளை தனக்கென ஆய்வுக்கூடம் வைத்து நீரைச் சோதித்து வந்தது. வருணை கலக்கும் இடத்தருகே எடுத்த மாதிரிகளில் இந்த எண்ணிக்கை லட்சங்களைத் தாண்டியதை அந்த ஆய்வுக்கூடம் பலமுறை வெளியிட்டிருக்கிறது. 2013இல் மறையும்வரை கங்கையைத் தாயாக வணங்கி அதில் நீராடி வந்த மனிதர், அதே ஆற்றில் ஓடும் சாக்கடையை எண்களால் உலகுக்குக் காட்டினார். நம்பிக்கையையும் உண்மையையும் ஒருசேரக் கேட்டீர்கள் அல்லவா, உங்கள் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.


பதில்: கானாடுகாத்தான் வாசகர்

பொறியாளர் ஐயா எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாக்கடைதான் முக்கால் பங்கு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால், ‘அப்படியானால் நாம் என்ன செய்தாலும் பரவாயில்லை’ என்று நம்மவர்கள் எடுத்துக்கொள்வார்களே என்ற கவலையில் எழுதுகிறேன். எடைபோட்டுப் பார்த்தால் பக்தர்கள் போடுவது சிறிய பங்குதான். அந்தச் சிறிய பங்கு ஆற்றில் பரவலாக விழாமல், மக்கள் நீராடுகிற படிகளிலேயே குவிகிறது. காசியில் திதி முடித்த இடத்தைச் சற்று நின்று பாருங்கள். பிண்டம் மீனுக்குப் போய்விடும். அதோடு போட்ட பாலிதீன் பை, மாலை கோத்த நைலான் நூல், சட்டம் போட்ட சாமி படம், விட்டுவிட வேண்டும் என்று யாரோ சொன்னதால் உடுத்தியிருந்ததைக் கழற்றி எறிந்த வேட்டி சேலை, இவையெல்லாம் படகுகளுக்கும் படிக்கும் இடையில் சிக்கி ஊறிக் கிடக்கும். இவற்றில் எதையும் எந்தச் சாத்திரமும் ஆற்றில் போடச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிணங்களைப் பற்றியும் உங்கள் மகன் கேட்டிருக்கிறார். மணிகர்ணிகையிலும் அரிச்சந்திர கட்டத்திலும் இரவு பகலாகச் சிதை எரிகிறது. விறகு வாங்க வசதியில்லாத குடும்பங்கள் முழுதாக எரியாத உடலையே ஆற்றில் விட்டதும், துறவிகள், குழந்தைகள், பாம்பு கடித்து இறந்தவர்கள் போன்றோரை எரிக்காமல் ஆற்றிலேயே சேர்க்கும் வழக்கமும் உண்மை. அதற்காகத்தான் அரிச்சந்திர கட்டத்தில் மின்மயானம் கட்டினார்கள். அழுகிய உடலைத் தின்னும் ஆமைகளை வளர்த்து ஆற்றில் விட்டதும் கங்கைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே நடந்தது. பார்ப்பவர் மனத்தை இது கலக்குகிறது என்பதால் இதுவே பெரிய காரணம் என்று தோன்றிவிடுகிறது. நன்றாக எரிந்த சாம்பலால் ஆற்றுக்குப் பெரிய கேடு இல்லை.

பெருங்கூட்டம் ஒரே இடத்தில் முழுகினாலே குடல்வாழ் கிருமிகளின் அளவு ஏறும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2025 பிப்ரவரியில், பிரயாகையில் மகா கும்பமேளா நடந்துகொண்டிருந்தபோது, பல இடங்களில் நீர் நீராடும் தரத்தில் இல்லை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடம் தெரிவித்தது. மாநில அரசு அதை ஏற்கவில்லை. இருந்தாலும் வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துச் செல்கிறவர்கள் இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.


பதில்: வேதியியல் ஆசிரியை, பள்ளத்தூர்

ஆச்சி, உங்கள் மாப்பிள்ளை தோல் ஆலைகளைச் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அளவில் அல்ல, தன்மையில். வாரியத்தின் அதே 2013 கணக்கில், கங்கைப் படுகையில் கடுமையாக மாசுபடுத்தும் தொழிற்சாலைகள் என்று 764ஐக் குறித்திருக்கிறார்கள். அவை எல்லாம் சேர்ந்து வெளியேற்றும் கழிவுநீர் நாளொன்றுக்கு 50 கோடி லிட்டர். வீட்டுச் சாக்கடையோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 764இல் 687 உத்தரப் பிரதேசத்தில் இருந்தன. தோல் ஆலைகளைத் தவிரச் சர்க்கரை, சாராய, காகித ஆலைகளும் இதில் அடக்கம். இவற்றில் பல ராமகங்கை, காளி போன்ற துணையாறுகளின் வழியாகக் கழிவை அனுப்புவதால், கங்கைக் கரையில் நின்று பார்ப்பவருக்கு அவை கண்ணில் படுவதில்லை.

கான்பூரில் ஜாஜ்மாவ் என்ற பகுதியில் நானூறு தோல் ஆலைகள் வரை இருந்தன. பச்சைத் தோல் அழுகாமல் பதப்படுவதற்குக் குரோமியம் உப்பில் ஊறவைக்கிறார்கள். பழைய முறையில் போட்ட குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவே தோலில் ஏறும்; மிச்சம் இளநீல நிறக் கழிவுநீராக வெளியேறும். வீட்டுச் சாக்கடையில் உள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் நாளடைவில் சிதைத்துவிடும். குரோமியம் ஒரு தனிமம். அதைச் சிதைக்க எந்த உயிராலும் முடியாது. அது வண்டலில் படியும், வண்டலை எருவாகப் போட்ட வயலில் ஏறும், கிணற்று நீருக்கும் இறங்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. வீட்டுச் சாக்கடையைச் சுத்திகரிப்பதே நுண்ணுயிர்களின் உதவியால்தான். அந்த நீரோடு தோல் ஆலைக் கழிவும் கட்டுமீறிக் கலந்துவிட்டால், வேலை செய்ய வேண்டிய நுண்ணுயிர்களே செத்துப்போகும். ஜாஜ்மாவில் டச்சு அரசின் உதவியோடு 1994இல் அமைத்த நிலையம், 90 லட்சம் லிட்டர் தோல் கழிவையும் அதைப் போல மூன்று மடங்கு வீட்டுக் கழிவையும் கலந்து சுத்திகரிப்பதற்கென்றே கட்டியது. ஆலைகள் அந்த அளவுக்குக் கட்டுப்பட்டு நடக்கவில்லை.

சட்டமும் இந்த இடத்தில்தான் முதலில் கை வைத்தது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா 1985இல் தொடுத்த பொதுநல வழக்கில், முதற்கட்டச் சுத்திகரிப்புக்கூட இல்லாத தோல் ஆலைகளை மூடும்படி உச்ச நீதிமன்றம் 1987இல் ஆணையிட்டது. அடுத்த ஆண்டே கான்பூர் நகராட்சியின் கடமையையும் வலியுறுத்தியது. வேலூர்ப் பக்கத்துத் தோல் ஆலைகளால் பாலாறு பட்ட பாட்டுக்கு 1996இல் வந்த தீர்ப்பும் இதே வழியில் வந்ததுதான். ஆகையால், ‘வடநாட்டார் ஆற்றைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று பேசுகிற தகுதி நமக்கு இல்லை.

சொம்பில் இருக்கும் தீர்த்தத்தைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். மூடிய செப்புப் பாத்திரத்தில் பல ஆண்டுகள் இருந்த நீரில் குடல்வாழ் கிருமிகள் பிழைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. செம்புக்கே கிருமிகளை அழிக்கும் குணம் உண்டு. கடைசி நேரத்தில் சில துளி விடுவதைப் பற்றி யாரும் மனம் கலங்க வேண்டியதில்லை. ஆனால் இன்று காசிப் படித்துறையில் மொண்ட நீரை அன்றே ஆசமனம் என்று குழந்தைகளுக்குக் கொடுப்பதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அபிஷேகத்துக்கும் வீட்டுக்கும் புதிதாகத் தீர்த்தம் வேண்டும் என்றால், கங்கோத்ரியிலிருந்து எடுத்த நீரை 2016 முதல் அஞ்சல் துறையே விற்கிறது.


மறுமொழி: தேவகோட்டை ஆச்சி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வாசித்துக் காட்டியபோது பெரியப்பச்சியும் கூடத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். மகந்து ஐயாவைப் பற்றிய பகுதியை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்கள்.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. கரையோர ஊர்கள் அந்தக் காலத்திலும் இருந்தன, சாக்கடையும் இருந்திருக்கும். இப்போது மட்டும் ஆறு தாங்கமாட்டாமல் போனது மக்கள்தொகை பெருகியதால் மட்டும்தானா? அடுத்தது, 1986இலிருந்து அரசு இவ்வளவு பணம் செலவழித்தும் முழுமையான பலன் ஏன் கிடைக்கவில்லை?


பதில்: ஊரணிக்கரை

ஆச்சியின் முதல் சந்தேகத்துக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கழிவு பெருகியது பாதிக் கதை. நீர் குறைந்தது மறுபாதி. இந்த மறுபாதியை யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மலையை விட்டு இறங்கும் இடமான அரித்துவாரத்திலேயே கங்கையின் பெரும்பங்கு நீர் கால்வாயில் திருப்பப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் பிராபி காட்லி வெட்டிய மேல் கங்கைக் கால்வாய் 1854இல் திறக்கப்பட்டது. இன்று அதன் தலைப்பில் நொடிக்குப் பத்தாயிரம் கன அடிக்கு மேல் எடுக்க முடியும். எஞ்சிய நீரும் ஊற்று நீரும் சேர்ந்து சற்றுத் தெம்பாக ஓடத் தொடங்கும்போது பிஜ்னோரில் ஓர் அணை, அதற்கும் கீழே நரோராவில் 1878 முதல் கீழ் கங்கைக் கால்வாய். இப்படிப் பிழிந்தெடுத்த பிறகு, கோடையில் கான்பூருக்கு வந்து சேரும் ஆறு பெயரளவில்தான் கங்கை. அங்கே நகரத்துக் கழிவும் தோல் கழிவும் வந்து விழுகின்றன. கான்பூரின் சீசாமாவ் சாக்கடை ஒன்று மட்டுமே நாளொன்றுக்கு 14 கோடி லிட்டரை ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. 2018இல்தான் அதைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திருப்பினார்கள். பிரயாகையில் யமுனை வந்து சேர்ந்த பிறகுதான் கங்கைக்கு மறுபடியும் உடம்பில் நீர் ஏறுகிறது. அந்த யமுனை தில்லியின் சாக்கடையை வாங்கிக்கொண்டு வந்தாலும், சம்பல், பேத்வா, கேன் ஆறுகளின் நீரால் இடையிலேயே ஓரளவு தேறிவிடுகிறது. காசியில் நீங்கள் பார்க்கப்போகும் நீரில் பெரும்பகுதி அந்த வழியாக வந்ததுதான்.

கால்வாய் நீரை வீணாக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. மேற்கு உத்தரப் பிரதேசத்தின் கோதுமையும் கரும்பும் அந்த நீரால் விளைகின்றன. பல லட்சம் குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன. ஆனால் அந்தக் கரும்பைப் பிழியும் ஆலையின் கழிவு துணையாறு வழியாக மறுபடியும் கங்கைக்கே வருகிறது. நல்ல நீரை மேலே எடுத்துக்கொண்டு கெட்ட நீரைக் கீழே விடுகிறோம்.

நம் செட்டிநாட்டில் ஆறு கிடையாது என்றே சொல்லலாம். மழையை நம்பி ஊருக்கு ஊர் ஊரணி வெட்டிப் பிழைத்த மண் இது. குடிநீர் ஊரணியில் கால் வைக்கக் கூடாது, குளிக்க வேறு ஊரணி, மாடு கழுவ வேறு குளம் என்று வைத்ததோடு, ஊரணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் யாரும் வீடு கட்டாமலும் கழிவு விடாமலும் ஊரே காவல் காத்தது. வரத்து அடைபட்ட ஊரணியை எத்தனை முறை தூர்வாரினாலும் இரண்டு கோடையில் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும் என்பதை நாம் நம் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கங்கையும் வரத்து இழந்த நீர்நிலைதான்.

இதைப் புரிந்துகொண்டு போராடியவர்கள் அங்கேயும் உண்டு. 1916இலேயே மதன் மோகன் மாளவியா முதலானோர் ஆங்கில அரசோடு வாதாடி, அரித்துவாரத்தில் ஓட்டம் தடைபடக் கூடாது என்று உடன்பாடு கண்டார்கள். நம் காலத்தில், கான்பூர் ஐஐடியில் பேராசிரியராக இருந்து பின்பு துறவியான ஜி.டி.அகர்வால், ஆற்றில் தடையில்லாமல் நீர் ஓட வேண்டும் என்பதற்காக 111 நாள் உண்ணாவிரதம் இருந்து 2018 அக்டோபர் 11 அன்று உயிர்விட்டார். அதே மாதத்தில்தான் மத்திய அரசு, ஆற்றில் விட்டே ஆக வேண்டிய குறைந்தபட்ச நீரின் அளவை அறிவிக்கையாக வெளியிட்டது. அரித்துவாரத்துப் பீம்கோடா அணைக்குக் கீழே மழை இல்லாத மாதங்களில் நொடிக்கு 36 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,270 கன அடி. கால்வாயின் திறனோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் தேறும். இது போதாது என்பது என் உறுதியான கருத்து. அளவு ஒன்றைச் சட்டத்தில் எழுதினார்கள் என்ற வரையில் வரவேற்கிறேன்.


பதில்: வடிகால் பொறியாளர், காரைக்குடி

ஊரணிக்கரை அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நீர்த்துப்போகச் செய்ய நீர் இல்லாத ஆற்றில், எவ்வளவு நன்றாகச் சுத்திகரித்து விட்டாலும் மாசின் அளவு உயர்ந்தேதான் தெரியும்.

ஆச்சியின் இரண்டாம் சந்தேகத்துக்கு வருகிறேன். 1986 ஜூன் மாதம் காசியில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்த கங்கைச் செயல்திட்டத்தின் முதற்கட்டம் 25 நகரங்களை எடுத்துக்கொண்டது. அந்நகரங்களில் அப்போது நாளொன்றுக்கு 134 கோடி லிட்டர் கழிவு உண்டாவதாக மதிப்பிட்டு, அதில் 88 கோடி லிட்டரை மட்டும் தடுத்துச் சுத்திகரிக்க இலக்கு வைத்தார்கள். வேலை முடிவதற்குள் ஊர்கள் பெருத்துவிட்டன. இலக்கு எட்டப்பட்ட அன்றும் அது பழைய இலக்காகத்தான் இருந்தது.

அதைவிட முக்கியமானது இயக்கம். காசியில் அரிச்சந்திர கட்டத்திலிருந்து திரிலோசன கட்டம் வரை ஐந்து நீரேற்று நிலையங்கள் இருக்கின்றன. படிகளில் நடந்து போகும்போது வண்ணம் பூசிய உருண்டைக் கோபுரம் போலத் தெரிவது கோயில் என்று நினைத்துவிடாதீர்கள்; அதற்குள் கழிவுநீர்க் கிணறும் பம்புகளும் உள்ளன. கட்டங்களை நோக்கி இறங்கிவரும் சாக்கடையைப் பிடித்து மேலே ஏற்றி, நகரத்துக் கிழக்கே வருணைக்கு அப்பால் உள்ள தீனாப்பூர் நிலையத்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. மின்சாரம் நின்றால் பம்பு நிற்கும்; பம்பு நின்றால் கிணறு நிரம்பிக் கழிவு அப்படியே ஆற்றில் வழியும். நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஆறு உயர்ந்தால் நிலையங்களையே மாதக்கணக்கில் நிறுத்த வேண்டியிருந்தது. கட்டுவதற்கு மத்திய அரசு பணம் தந்தது. மின்கட்டணமும் சம்பளமும் உதிரிப் பாகமும் உள்ளூராட்சியின் தலையில் விழுந்தன. சம்பளம் கொடுக்கவே திணறுகிற நகராட்சி, யார் கண்ணுக்கும் தெரியாத பம்புக்கு எங்கிருந்து செலவழிக்கும்? இன்னொரு குறை, அக்காலத்து நிலையங்கள் கரிமக் கழிவைக் குறைப்பதற்காகக் கட்டப்பட்டவை. கிருமிகளை அழிப்பது அவற்றின் இலக்கில் இல்லை. மகந்து மிஸ்ரா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி, மின்சாரம் அதிகம் தேவைப்படாத, சூரிய ஒளியும் பாசியும் கிருமிகளை அழிக்கும் குளத்தொடர் முறையைப் பரிந்துரைத்தார்.

2014இல் 20,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு அறிவிக்கப்பட்ட நமாமி கங்கே திட்டத்தில் ஒரு நல்ல மாற்றம் செய்திருக்கிறார்கள். ஒப்பந்ததாரருக்குக் கட்டுமானச் செலவில் 40 விழுக்காடுதான் கட்டும்போது கிடைக்கும். மீதி 15 ஆண்டுகள் நிலையத்தைத் தரக்குறைவின்றி ஓட்டினால் தவணையாக வரும். அசி நீரைச் சுத்திகரிப்பதற்கான ரமணா நிலையம் இந்த முறையில் வந்தது. நாளொன்றுக்கு 5 கோடி லிட்டர் திறன். தீனாப்பூரில் 14 கோடி லிட்டர், கோயிதாவில் 12 கோடி லிட்டர் நிலையங்களும் சேர்ந்திருக்கின்றன. கட்டங்கள் முன்பைவிடச் சுத்தமாகத் தெரிவது உண்மை. ஆனால் குப்பை இல்லாத படியும் கிருமி இல்லாத நீரும் வேறு வேறு. வீட்டிலிருந்து தெருக்குழாய்க்கு இணைப்பு இல்லாவிட்டால் சுத்திகரிப்பு நிலையம் பட்டினி கிடக்கும், சாக்கடையோ திறந்த ஓடை வழியே ஆற்றுக்குப் போகும். செப்டிக் டேங்க் லாரி இரவில் எந்த ஓடையில் கவிழ்க்கிறது என்று யாரும் கேட்காத நிலை அங்கேயும் இருக்கிறது, நம் ஊர்களிலும் இருக்கிறது.

பயணத்துக்கு உதவியாகச் சில வார்த்தைகள். சங்கல்ப நீராடலைப் படியோரத்தில் வைத்துக்கொள்ளாமல், படகில் மறுகரை மணல்திட்டுக்குப் போய் முழுகுங்கள். சாக்கடை வாய்கள் பெரும்பாலும் நகரத்துக் கரையில்தான் இருக்கின்றன, அந்தப் பக்கத்து நீர் எவ்வளவோ மேல். கொண்டுபோகும் பொருள்களை வாழை இலையிலும் துணிப்பையிலும் கட்டிக்கொள்ளுங்கள். பூவும் பிண்டமும் போக மற்ற எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். பழந்துணியை விட வேண்டும் என்று புரோகிதர் சொன்னால், கரையில் இருக்கும் ஏழை ஒருவருக்குத் துவைத்த துணியாகக் கொடுத்துவிட அனுமதி கேளுங்கள், மறுக்க மாட்டார். தலைமுழுகும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்; காலில் புண் இருப்பவர்கள் தலையில் தீர்த்தம் தெளித்துக்கொண்டால் போதும். சத்திரத்துக்கு வந்ததும் நல்ல நீரில் ஒருமுறை குளித்துவிடுங்கள். பெரியப்பச்சியும் உடன் வருவதாக இருந்தால், விடியற்காலையில் படகு பேசும்போதே கைப்பிடிப் பலகை உள்ள படகாகக் கேட்டு வாங்குங்கள். மறுகரையில் படி கிடையாது, மணலில்தான் இறங்க வேண்டும்.